முப்பத்திரண்டாவது கேள்வி

அக்கா,

போகிக்கு முன்னால் பரணைக் காலி செய்யச் சொல்லி மனைவி மூன்று நாளாக நோட்டீஸ் விட்டுக்கொண்டிருந்தாள். நான்காம் நாள் ஏணியே என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஏறினேன். ஐம்பத்தைந்து வயதில் பரண் ஏறுவதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்; அதில் பாதி இடுப்பைப் பற்றியே இருக்கும். மூடி தொலைந்த மிக்ஸி ஜார், கல்யாணங்களில் வாங்கிச் சேர்த்த தாம்பூலப் பைகள், என்றைக்கோ நான் உடற்பயிற்சி செய்யப்போவதாய் வாங்கிய ஒரு ஸ்கிப்பிங் கயிறு, எல்லாவற்றுக்கும் அடியில் அந்த ஹெட்ஃபோன்.

காதில் படும் பஞ்சு உதிர்ந்துபோன இடத்தில் ஜாக்கெட் துணியில் தைத்த உறை. ஒரு காதுக்கு மஞ்சள் பூ, இன்னொரு காதுக்கு ஊதாக் கட்டம். மூக்கருகே கொண்டுபோனேன். கொரோனாக் காலத்து நீலகிரித் தைல வாசனை இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

ஏணியின் உச்சிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கீழேயிருந்து மனைவி, "என்ன, மாட்டிக்கிட்டீங்களா?" என்றாள். "ஆமா" என்றேன். அது இடுப்பைப் பற்றிய பதில் இல்லை என்று அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

உறை நீ தைத்தது. ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்த ஒரு காலையில் ஸ்கூட்டரில் சாந்தோமிலிருந்து மயிலாப்பூர் வந்து, எங்கள் கேட்டில் மாட்டிவிட்டு, மாடியைப் பார்த்துக் கத்தினாய்: "நைனா, காதுல கொப்புளம் வந்துச்சின்னு அழுதியே, இத்தப் போட்டுக்கோ. ரெண்டும் ஒரே துணி கேக்காத. தி.நகர்ல கடையே இல்ல, என்னாண்ட கீறதத்தான் தைக்க முடியும்." தெரு முழுவதும் என் காதுக் கொப்புளத்தைத் தெரிந்துகொண்டது.

என்னைவிட இரண்டே வயது மூத்தவள் நீ. உன்னை நான் அக்கா என்று கூப்பிட்டதை இருபது வருஷமும் எதிர்த்துக்கொண்டே இருந்தாய். "என்ன அக்கான்னா உனக்கு வயசு கொறஞ்சிடுமா?" என்பாய். குறையும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். உன் பேச்சு வேறு ஒரு வேடிக்கை. படித்தது கான்வென்ட், பரம்பரையே டீச்சர்கள். ஆனால் எங்களோடு பேசும்போது கடற்கரைத் தமிழ். தொலைபேசியை எடுத்ததும் அது மாறிவிடும். "வணக்கம், தங்களுடன் சில நிமிடங்கள் உரையாட இயலுமா?" என்று ஆரம்பிப்பாய். எதிர்முனையில் இருப்பவர் எழுந்து நின்றிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றும்.

தி.நகரில் பாத்திரக்கடைக்கு மேலே மாடியில் நம் அலுவலகம். ஊர் என்ன நினைக்கிறது என்று கேட்டு எழுதுவது நம் தொழில். எந்த சோப்பு நுரைக்கிறது என்பதிலிருந்து எந்தக் கட்சி நுரைக்கிறது என்பது வரை கேட்டிருக்கிறோம். நான் கேட்பவன். நீ சரிபார்ப்பவள். நாங்கள் நிரப்பிக் கொடுத்த தாள்களில் பத்துக்கு ஒன்றை எடுத்து, அந்த ஆளையே மறுபடி கூப்பிட்டு, "எங்கள் அலுவலகத்திலிருந்து பேசினார்களா? என்ன கேட்டார்கள்?" என்று விசாரிப்பாய். பேக் செக். யாரையும் பார்க்காமல் வீட்டில் உட்கார்ந்தே தாள் நிரப்பிவிடும் புண்ணியவான்கள் தொழிலில் உண்டு. அவர்களைப் பிடிப்பதற்கான வலை அது. உன் வலையில் சின்ன மீன்கூடத் தப்பாது. சாந்தோம் கடற்கரை ஆயிற்றே.

கொரோனா வந்தது. மாடி பூட்டப்பட்டது. ஆளுக்கு ஒரு அட்டைப்பெட்டியில் ஹெட்ஃபோனும் கேள்வித்தாள் கட்டும் வீட்டுக்கு வந்தன. ஏதோ ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குச் சென்னைவாசிகளின் கருத்தும் மனநலமும் தெரிய வேண்டுமாம். ஆளுக்கு நாற்பது பேர். மாதாமாதம் அதே நாற்பது பேரிடம் அதே முப்பத்தோரு கேள்வி.

முதல் பாதி கருத்து. ஊரடங்கு தேவையா, தடுப்பூசி வந்தால் போட்டுக்கொள்வீர்களா, முகக்கவசம் அணிகிறீர்களா. அணிகிறேன் என்றார்கள் நாற்பது பேரும். மற்றவர்கள் அணிகிறார்களா என்றால், எங்கே சார் என்றார்கள் நாற்பது பேரும். ஊரே ஒழுங்காக மாட்டிக்கொண்டிருக்க, தாடைக்குக் கீழே இறக்கிவிட்டுத் திரிந்தவர்கள் எந்த நாட்டுப் பிரஜைகளோ தெரியவில்லை.

இரண்டாவது பாதி மனசு. அதை மொழிபெயர்த்தவர் மனிதர்களோடு பேசியே பல வருஷம் ஆகியிருக்கும். "கடந்த ஏழு நாட்களில் எத்தனை நாட்கள் நீங்கள் நம்பிக்கையிழந்த மனநிலையை உணர்ந்தீர்கள்?" அச்சடித்தபடியே வாசிக்க வேண்டும். புரியவில்லை என்றால் விளக்கக்கூடாது. அதையே மறுபடி வாசிக்க வேண்டும். அதுதான் விதி. நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் அம்மாள் ஒருவருக்கு மூன்று தடவை வாசித்தேன். "எந்த ஏழு நாளு நைனா? எல்லாம் ஒரே நாளாத்தானே கீது" என்றார். அந்தப் பதிலுக்குத் தாளில் கட்டம் இல்லை. வடபழனியில் சினிமாவுக்கு லைட் பிடிப்பவர், "ஷூட்டிங் எப்போ தொடங்கும்னு நீ சொல்லு, மனசு எப்டிக்கீதுன்னு நான் சொல்றேன்" என்றார். அதற்கும் கட்டம் இல்லை.

நீ மட்டும் விதியை மீறுவாய். சரிபார்க்கக் கூப்பிட்டு, முப்பத்தொன்றும் முடிந்த பிறகு, கான்வென்ட் தமிழைக் கழற்றி வைத்துவிட்டு, தாளில் இல்லாத ஒரு கேள்வி கேட்பாய்.

"இன்னிக்கு இன்னா கொயம்பு?"

பதிலை ஓரத்தில் பென்சிலால் எழுதிவைப்பாய். புளிக்குழம்பு. ரசம் மட்டும். நேற்றையது. இது எதற்கு, பல்கலைக்கழகம் கேட்டதா என்று கிண்டல் செய்தேன். "மனசப் பத்தி எல்லாரும் பொய் சொல்லுவான் நைனா. கொயம்பப் பத்தி எவனும் பொய் சொல்ல மாட்டான்" என்றாய். நான் சிரித்தேன். அந்தப் பொய்யைச் சொல்லப்போகிற முதல் ஆள் நான்தான் என்று இருவருக்குமே அப்போது தெரியாது.

என் பட்டியலில் அபிராமபுரத்து மாமி ஒருவர் இருந்தார். கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தனியாக முதல் மாடியில் குடியிருந்தார். முதல் மாதம் கூப்பிட்டபோது "ஊரடங்கு சரியான்னு கேக்கறேளா? ஊர் அடங்கினா நல்லதுதான், கீழாத்து நாய்தான் அடங்க மாட்டேங்கறது" என்று தொடங்கி, முக்கால் மணி நேரம் பேசினார். முப்பத்தோரு கேள்வியும் முடிந்த பிறகு, "இன்னும் ஏதாவது கேளுங்கோளேன்" என்றார். நான் "அவ்வளவுதான் மாமி, நன்றி" என்று வைத்துவிட்டேன்.

இரண்டாம் மாதம், ஒரு காலையில் வரிசையாக மூன்று பேர் தொலைபேசியில் அழுதார்கள். ஒருவருக்கு அண்ணன் போய்விட்டார், ஒருவருக்கு வேலை. மூன்றாமவருக்கு ஏன் அழுகிறோம் என்றே தெரியவில்லை. விதிப்படி, காத்திருந்து அடுத்த கேள்வியை வாசித்தேன். நாலாவது எண் மாமியுடையது. நான் எழுந்துபோய்க் காபி குடித்தேன். திரும்பி வந்து, மாமியின் சார்பில் நானே பதில் சொன்னேன். நம்பிக்கையுடன் இருக்கிறேன்: ஏழு நாட்களும். போன மாதம் அப்படித்தானே இருந்தார், ஒரு மாதத்தில் என்ன மாறிவிடும். கை பழகிவிட்டது. மூன்றாம் மாதம், நான்காம் மாதம். மாமி மட்டுமல்ல, மொத்தம் பதினொரு பேர். எல்லாம் ஒரேபோல் இருந்தால் நீ சந்தேகப்படுவாய் என்று நடுவில் ஒருவருக்கு மட்டும் "ஒரு நாள் சோர்வு" என்று போட்டேன். எனக்குத் தாராள மனசு.

ஊரடங்கை மறுபடி இறுக்கியிருந்த ஒரு காலையில் நீ கூப்பிட்டாய்.

"நைனா, உன் லிஸ்ட்டப் பாத்தேன். மெட்ராசுக்கு கொரோனா வந்த விசயமே உன் ஆளுங்களுக்குத் தெரியாது போல. அம்மாம் சந்தோசமாக்கீறாங்கோ."

"நல்ல மனசு உள்ளவங்கக்கா."

"இருக்கட்டும். அபிராமபுரம் மாமிக்கு நேத்து போட்டியே, எத்தினி நேரம் பேசினாங்கோ?"

"ஒரு இருபது நிமிஷம்."

"இன்னா கொயம்பாம்?"

மயிலாப்பூர்ப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன். இந்தக் கேள்விக்குத் தப்பில்லாத பதில் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். "சாம்பார்" என்றேன்.

பின்னால் உன் வீட்டு மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது.

"பிஸ்கோத்து நைனா. ஒம்போது நாளா பிஸ்கோத்து. சிலிண்டர் தீந்துபோச்சி. புக் பண்ணிக் குடுக்கிற ஆளு ஊருக்குப் பூட்டான். யாரையும் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு சொம்மா உக்காந்துகினு கீறாங்கோ. எழுந்தா தல சுத்துதாம்."

கையிலிருந்த காபியைத் தள்ளி வைத்தேன்.

"மூணு மாசமா நீ கூப்புடுவேன்னு ஃபோன் பக்கத்துல நோட்டு வெச்சிகினு கீறாங்கோ. உன்னாண்ட சொல்றதுக்கு எழுதி வெச்சிகீறாங்கோ. ஏழு பக்கம்."

இப்போது நான் அழ ஆரம்பித்தேன். அதையும் நீ விடவில்லை. "அழாத. அழுதா உனக்கு லேசாயிடும். உனக்கு லேசாவ வேணாம். பன்னெண்டு மணிக்கு அபிராமபுரம் வந்து சேரு. தாள எடுத்துகினு வா."

மந்தைவெளி முனையில் போலீஸ் தடுப்பு. எங்கே போகிறாய் என்றார் காவலர். தடுமாறினேன். "கருத்துக் கேக்கப் போறேன் சார்." அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஊர்ல ஒருத்தருக்கும் கருத்து இல்லன்னா இருக்கு? என்னாண்ட கேளு, ஒரு மணி நேரம் சொல்றேன்." உண்மையைச் சொன்னேன். ஒரு அம்மா ஒன்பது நாளாகச் சாப்பிடவில்லை, நான்தான் காரணம் என்று. அவர் தடுப்பை நகர்த்தியபடி, "மாஸ்க்க மேல ஏத்து" என்றார். நம் பட்டியலில் இல்லாத, முகக்கவசத்தைத் தாடையில் மாட்டியிருந்த அந்த ஒரு பிரஜை நான்தான்.

மாமி வீட்டு வாசலில் நீ முன்னமே நின்றுகொண்டிருந்தாய். ஸ்கூட்டர் கொக்கியில் ஒரு தூக்கு. மாடியைப் பார்த்து விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாய்: "வெண்டைக்காக் கொயம்பு மாமி. புதுச் சட்டி, புதுக் கரண்டி. மீன் வாடையே படல, மாதா மேல ஆண." மேலேயிருந்து கயிற்றில் ஒரு பூக்கூடை இறங்கியது. தூக்கு ஏறிப் போனது. சுவரைப் பிடித்தபடி ஒரு சின்ன உருவம் எட்டிப் பார்த்தது.

"நீங்கதான் கேள்வி கேக்கறவரா? கொரலை வெச்சு ஒசரமா இருப்பேள்னு நெனச்சேன்."

நான் கைகூப்பினேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் கையசைத்துத் தடுத்தார். "அதெல்லாம் அப்பறம். மூணு மாசக் கேள்வி பாக்கி இருக்கு. கேளுங்கோ. காது கொஞ்சம் மந்தம், பலமா கேக்கணும்."

உன்னைப் பார்த்தேன். நீ ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டு, "கேளேன்" என்றாய்.

அக்கா, அந்த நடுப்பகலில், ஆளில்லாத அபிராமபுரத் தெருவில், அண்ணாந்து மாடியைப் பார்த்து முப்பத்தோரு கேள்வியையும் கத்தினேன். பத்தாவது கேள்விக்குள் ஜன்னல்கள் திறந்தன. பதினைந்தில் பால்கனிகள் நிறைந்தன. "கடந்த ஏழு நாட்களில் எத்தனை நாட்கள் நீங்கள் நம்பிக்கையிழந்த மனநிலையை உணர்ந்தீர்கள்?" என்று நான் கத்தியபோது மாமி பதில் சொல்லுமுன் எதிர்வீட்டுப் பெண் கையைத் தூக்கிவிட்டார். "சார், அவங்களை மட்டும்தான் கேப்பீங்களா? எனக்கு ஏழு நாளும்." மேல்மாடி ஆண் குரல், "எனக்கு அஞ்சு. சனி ஞாயிறு பரவாயில்ல." "உங்களுக்கு எது சார் சனி ஞாயிறு, எல்லா நாளும் வீட்லதானே இருக்கீங்க" என்றது இன்னொரு பால்கனி. தெரு சிரித்தது. அத்தனை வாரத்துக்குப் பிறகு நான் கேட்ட முதல் கூட்டச் சிரிப்பு அது. இடைவெளி விட்டு நின்றும்கூட அது கூட்டமாகவே கேட்டது.

மாமி கடைசியாகச் சொன்னார். "எனக்கு மூணு மாசமா எல்லா நாளும்தான்." மெதுவாகத்தான் சொன்னார். தெரு அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

அந்த அமைதியில் நீ உன் கேள்வியைக் கேட்டாய். "மாமி, இன்னிக்கு இன்னா கொயம்பு?" தெரிந்தே கேட்டாய். தெருவுக்காகக் கேட்டாய்.

"இன்னிக்குத்தான் கொழம்பு" என்றார் மாமி. "இதுக்கு முன்னால ஒம்போது நாள் பிஸ்கட்."

எதிர்வீட்டுப் பெண் தலையில் கைவைத்துக்கொண்டார். "மாமி, பன்னெண்டடி தூரத்துல இருக்கேன். ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" "நீ கேக்கலையேம்மா" என்றார் மாமி. கோபமாக இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். சாயங்காலத்துக்குள் எதிர்வீட்டின் உபரி சிலிண்டர் மாமி வீட்டுக்கு ஏறிவிட்டது. சனி ஞாயிறு பரவாயில்லை என்ற மனிதர்தான் தோளில் சுமந்தாராம்.

அந்தப் பதினொரு பேரின் பொய்த் தாள்களிலும் சிவப்பு மையில் "பேசவில்லை" என்று எழுதி என்னிடமே கொடுத்தாய். "மொதலாளியாண்ட நீயே சொல்லு. நான் சொன்னா அது கோள். நீ சொன்னா அது சர்ச்சுல ஃபாதராண்ட பண்ற பாவசங்கீர்த்தனம்" என்றாய். சொன்னேன். அந்தச் சமயத்தில் மாற்று ஆள் கிடைக்காததால் வேலை தப்பியது. ஊரடங்கு எனக்குச் செய்த ஒரே உபகாரம். பதினொரு பேரையும் மறுபடி கூப்பிட்டேன். முப்பத்திரண்டு கேள்வி கேட்டேன். ஒரு தாளுக்கு ஒரு மணி நேரம் ஆனது. வடபழனி லைட்காரர் வீட்டில் அன்று முட்டைக் குழம்பு. எப்படி வைப்பது என்று எனக்கு விளக்கிச் சொல்லும்போது அவர் குரல் முதல் மாதத்தைவிடத் தெளிவாக இருந்தது. அறிக்கை பல்கலைக்கழகத்துக்குப் போனது. சென்னையின் மனநலம் நான் அனுப்பியிருந்ததைவிட மோசமாகத்தான் இருந்தது. ஆனால் அது சென்னையுடையது, என்னுடையது அல்ல.

நீயும் மாமியும் அதற்குப் பிறகு அடித்த கூத்தைச் சொல்லாவிட்டால் நான் வம்புக்காரன் என்ற பெயரை இழந்துவிடுவேன். தினமும் பதினொன்றரைக்குத் தொலைபேசி. மாமி உனக்கு வத்தக்குழம்பு கற்றுக்கொடுத்தார். நீ அவருக்குக் கெட்ட வார்த்தை இரண்டு கற்றுக்கொடுத்தாய். கீழ்வீட்டு நாய்க்காக என்று சொல்லிக்கொண்டீர்கள். அந்த ஏழு பக்க நோட்டை மாமி கடைசிவரை எனக்கு வாசிக்கவில்லை. "அதெல்லாம் அவகிட்ட சொல்லியாச்சு" என்றார். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நீ அலுவலகத்துக்கு வரவில்லை. கூப்பிட்டேன். "நலமாக இருக்கிறேன். கவலைப்பட வேண்டாம்" என்றாய். கான்வென்ட் தமிழ். என்னிடம் நீ அந்தத் தமிழ் பேசியதே இல்லை. வைத்துவிடத் தோன்றியது. காபி குடிக்கப் போகலாம் என்றும் தோன்றியது. போகவில்லை.

"இன்னா கொயம்புக்கா?" என்றேன்.

"கஞ்சி நைனா" என்றாய். "அதுவும் இறங்கல."

மாமியிடம் சொன்னேன். எழுபத்தைந்து வயதில், முகக்கவசத்தை இன்னும் விடாத அந்த மனுஷி, ஆட்டோ பிடித்துச் சாந்தோம் வந்தார், மடியில் தூக்கோடு. குழைய வேகவைத்த வெண்டைக்காய்க் குழம்பு. ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டு, "உப்பு கம்மி மாமி" என்றாய். "உனக்கு பி.பி. கம்மியாத்தான் போடுவேன். பேசாம முழுங்கு" என்றார். ஐந்து மாதம் நாங்கள் மாறி மாறி வந்தோம். வியாதி அதற்குப் பிறகு ஜெயித்தது. ஆனால் அந்த ஐந்து மாதத்தில் ஒருநாளும் நீ தனியாகச் சாப்பிடவில்லை, அக்கா. அதை மட்டும் எந்தப் பேக் செக்குக்கும் பயப்படாமல் எழுதுவேன்.

இப்போது உன் நாற்காலியில் நான். திருடனையே காவலுக்கு வைத்தது போல என்று முதலாளி சொல்கிறார்; திருடனுக்குத்தான் எல்லா வழியும் தெரியும் என்று நான் சொல்கிறேன். புதிதாக வந்தவர்களுக்கு விதிகளை எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டு, கடைசியில் தாளின் ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை விட்டு மடிக்கச் சொல்கிறேன். எதற்கு என்று ஒருத்தி கேட்டாள். குழம்புக்கு என்றேன். கிறுக்கன் என்று நினைத்திருப்பாள். போன வாரம் அவள் தாளில் ஓரமாகப் பென்சிலில் "முருங்கைக்காய்" என்று இருந்தது.

ஹெட்ஃபோனைப் போகியில் போடவில்லை. மனைவி கேட்கவும் இல்லை. அடுப்பங்கரை ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

மாமிக்குத் தினம் பதினொன்றரைக்கு நான் கூப்பிடுகிறேன். உனக்குக் கூப்பிட எண் இல்லை. அதனால் தாளை நிரப்பி அனுப்புகிறேன். கடந்த ஏழு நாட்களில் சோர்வு: ஒரு நாள், ஏணியின் உச்சிப் படியில். நம்பிக்கை: மீதி ஆறு நாட்கள். ஓரத்தில்: வெண்டைக்காய்க் குழம்பு, நானே வைத்தது, அடி கொஞ்சம் பிடித்துவிட்டது. சாம்பார் என்று போட்டிருக்கலாம். போடவில்லை.

நம்பாவிட்டால் பேக் செக் பண்ணிக்கொள்.